பட்டத்துக்கு மதிப்பு தருவது யார்?

பிறந்த ஊரிலேயே வாழ்பவனுக்குச் சான்றிதழின் அருமை அவ்வளவாகத் தெரிவதில்லை. இன்னாருடைய மகன், இன்ன பள்ளியில் படித்தவன், கணக்கில் கெட்டிக்காரன் என்று தெருவே அவனுக்காகச் சாட்சி சொல்லும். ஊரையும் உறவையும் விட்டு ஆயிரம் மைலுக்கு அப்பால் தில்லியிலோ, மும்பையிலோ, கொல்கத்தாவிலோ குடியேறிய நமக்கு அத்தகைய சாட்சி கிடைப்பதில்லை. இங்கே நமக்காகப் பேச வேண்டியது ஒரு தாள்தான். அந்தத் தாளில் ஒரு பல்கலைக்கழகத்தின் முத்திரையும், சில எண்களும், ஒரு கையொப்பமும் இருக்கின்றன. அவற்றை நம்பி, நம்மை அறியாத ஓர் அலுவலகம் வேலை தருகிறது. நம் பிள்ளைகளை அறியாத ஒரு கல்லூரி இடம் தருகிறது. நம்ப மறுத்தாலோ, மூன்றாண்டு உழைப்பும் கடன் வாங்கிச் செலுத்திய சம்பளமும் ஒரே நாளில் வீணாகிவிடுகின்றன.

அந்த நம்பிக்கை எவ்வாறு உண்டாகிறது என்பதே நாம் இன்று ஆராய எடுத்துக்கொண்ட பொருள். இதில் மூன்று வினாக்கள் அடங்கியிருக்கின்றன. மாணவனை அளந்தவர் யார்? அளப்பதற்கு அவருக்கு அதிகாரம் கொடுத்தவர் யார்? அளக்கும் நிலையத்தையே அளந்து பார்த்தவர் யார்? முதலாவது வினாவுக்கு விடை பரீட்சை. இரண்டாவதற்கு விடை சட்டம். மூன்றாவதற்கு விடை தர மதிப்பீடு. பேச்சு வழக்கில் நாம் இம்மூன்றையும் ‘அங்கீகாரம்’ என்னும் ஒரே சொல்லில் கலந்துவிடுகிறோம். அந்தக் கலப்பினால் ஏமாந்த குடும்பங்கள் பல. ஆகவே இவற்றைத் தனித்தனியே பிரித்துக் காண்பது பயனுடையது.

முதலில் பரீட்சையைப் பார்ப்போம். 1857ஆம் ஆண்டில் சென்னையிலும், கல்கத்தாவிலும், பம்பாயிலும் பல்கலைக்கழகங்கள் தோன்றின. மூன்றும் லண்டன் பல்கலைக்கழகத்தின் அன்றைய அமைப்பைப் பின்பற்றியவை. அவை பாடம் சொல்லிக் கொடுக்கவில்லை. பாடம் சொல்லும் வேலை கல்லூரிகளுடையது. வினாத்தாள் விடுத்து, விடைகளைத் திருத்தி, பட்டம் வழங்கும் வேலையே பல்கலைக்கழகத்தினுடையது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் என்று போற்றப்படும் சி. வை. தாமோதரம் பிள்ளையும் விசுவநாத பிள்ளையும் யாழ்ப்பாணத்தவர்கள். கடல் கடந்து வந்த அவ்விருவரையும் சென்னை ஏற்றுக்கொண்டது, அவர்களுடைய ஊரையும் குலத்தையும் விசாரித்தன்று. அவர்கள் எழுதிய விடைகளைப் பார்த்து. அயலூரார் ஒருவருக்குப் பரீட்சை எத்தகைய நன்மை செய்யக்கூடும் என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டியதில்லை.

ஆயினும், அளப்பதே தொழிலாகப் பிறந்த நிலையங்கள் கற்பிப்பதைப் பின்தள்ளிவிட்டன. ஆண்டு முழுவதும் படித்தது மூன்று மணி நேரத்தில் தீர்மானிக்கப்பட்டது. எது வினாத்தாளில் வருமோ அதுவே பாடம் என்று ஆயிற்று. சுதந்திரம் பெற்றவுடன் 1948இல் அமைக்கப்பட்ட பல்கலைக்கழகக் கல்விக் குழு இந்நிலையைக் கூர்ந்து நோக்கியது. திருத்தணியில் பிறந்த டாக்டர் சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் அதன் தலைவர். நெடுங்காலம் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக விளங்கிய டாக்டர் ஆ. லட்சுமணசாமி முதலியார் அதன் உறுப்பினருள் ஒருவர். பல்கலைக்கழகத்தில் ஒரே ஒரு சீர்திருத்தம்தான் செய்ய முடியும் என்றால் அது பரீட்சைச் சீர்திருத்தமாகவே இருக்க வேண்டும் என்பது அக்குழுவின் கருத்து. ஒவ்வொரு பாடத்திலும் மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண்ணை, ஆண்டு முழுவதும் மாணவன் வகுப்பில் செய்த வேலைக்கு ஒதுக்க வேண்டும் என்றும் அது 1949இல் பரிந்துரைத்தது.

இவ்விடத்தில் ஒரு பழைய வழக்கு எழுகிறது. மாணவனை நன்கு அறிந்தவர் மதிப்பெண் இடலாமா, அறியாதவர் இடலாமா? அறிந்தவருக்கு அவனுடைய உண்மையான ஆற்றல் தெரியும். ஆனால் வேண்டியவன், வேண்டாதவன் என்ற பார்வையும் கூடவே நுழையும். அறியாதவரிடம் பட்சபாதம் இல்லை. ஆனால் அவர் காண்பது சில தாள்களை மட்டுமே. பல்கலைக்கழகங்களின் பரீட்சை முறை முழுவதும் இவ்விரு தீமைகளுக்கும் நடுவே வழி தேடிய முயற்சி எனலாம்.

அறியாதவர் திருத்தும் முறையில் எத்தனை காவல்கள் இருக்கின்றன என்பதை எண்ணிப் பாருங்கள். வினாத்தாளைத் தயாரிப்பவர் பெயர் வெளியே தெரியலாகாது. அவர் எழுதியதை வேறொரு குழு பார்த்து, பாடத்திட்டத்துக்குப் புறம்பானதை நீக்கும். அச்சிடும் இடம் இரகசியமாக வைக்கப்படும். விடைத்தாள் வந்தவுடன் மாணவனுடைய எண் கிழித்தெடுக்கப்பட்டு, வேறோர் எண் இடப்படும். திருத்துவோர் பலர் ஒரே இடத்தில் கூடி, ஒரே விடைக் குறிப்பை வைத்துக்கொண்டு திருத்துவார்கள். அவர்கள் திருத்தியவற்றுள் சிலவற்றைத் தலைமைத் தேர்வாளர் மீண்டும் பார்த்து, ஒருவர் கை தாராளம், மற்றொருவர் கை இறுக்கம் என்பதைக் கண்டு சரிசெய்வார். பின்னர்க் கூட்டல், பட்டியல், சரிபார்ப்பு. அதன் பின்னரே முடிவு வெளியாகும். இத்தனையும் ஒழுங்காக நடக்கும்போது ஒருவரும் அதைக் கவனிப்பதில்லை. ஒரு கண்ணி அறுந்தால் பல்லாயிரம் இளைஞர்களின் ஓராண்டு அறுந்துவிடுகிறது.

தவறு நேர்ந்தால் கேட்கும் உரிமையும் நமக்கு உண்டு. தாம் எழுதிய விடைத்தாளைத் தகவல் உரிமைச் சட்டத்தின்படி தாமே பார்வையிட மாணவருக்கு உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2011 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. அதுவரை விடைத்தாள் என்பது ஒரு முறை கையை விட்டுப் போனால் மீண்டும் கண்ணில் படாத பொருளாகவே இருந்து வந்தது. இத்தீர்ப்பை அறியாதவர்கள் இன்றும் பலர் என்பதால் இங்கே குறிப்பிடுகிறோம்.

அறிந்தவர் திருத்தும் முறைக்குத் தமிழ்நாடு முன்னோடியாக விளங்கியது. 1964 முதல் 1966 வரை பணியாற்றிய கோத்தாரி கல்விக் குழு, சிறந்த கல்லூரிகளுக்குத் தன்னாட்சி தரலாம் என்றது. 1978இல் சென்னை லயோலா கல்லூரி, சென்னைக் கிறித்தவக் கல்லூரி, மதுரை அமெரிக்கன் கல்லூரி முதலியவை தன்னாட்சி பெற்றன. பாடத்திட்டத்தைத் தாமே வகுத்து, தாமே பரீட்சை நடத்தும் உரிமை அவற்றுக்குக் கிடைத்தது. பட்டம் மட்டும் பல்கலைக்கழகத்தின் பெயரால் வந்தது. நல்ல ஆசிரியர் கையில் அது பொன்னான உரிமை. கற்பித்தவரே கேட்கிறார்; ஆகையால் கேள்வி உயிருள்ளதாக இருக்கிறது. பொறுப்பற்றவர் கையிலோ அது மதிப்பெண்ணை வாரி வழங்கும் சத்திரமாகிவிடும்.

தில்லிப் பல்கலைக்கழகத்தின் கதை இன்னும் சுவையானது. 1922இல் அது தோன்றியபோது செயிண்ட் ஸ்டீபன், இந்து, ராம்ஜஸ் என்னும் மூன்றே கல்லூரிகள் அதனோடு சேர்ந்திருந்தன. அதற்கு முன்னர் அவை லாகூரிலிருந்த பஞ்சாப் பல்கலைக்கழகத்தின் பரீட்சைகளுக்கு மாணவர்களை அனுப்பி வந்தன. நாளடைவில் கல்லூரிகள் பெருகின. 1962இல் அஞ்சல் வழிக் கல்வியை நாட்டிலேயே முதன்முதலாகத் தொடங்கியதும் இப்பல்கலைக்கழகமே. பகலில் அலுவலகம், இரவில் படிப்பு என்று வாழ்ந்த எளிய ஊழியர்களுக்கு அது பெரிய வாயிலைத் திறந்துவிட்டது. அவ்வாயிலின் வழியே வந்தவருக்குக் கல்லூரியில் வகுப்பில்லை. ஆனால் பட்டம் அதே பல்கலைக்கழகத்தின் பட்டம்.

பின்னாளில் இப்பல்கலைக்கழகமும் உள்மதிப்பீட்டைக் கொண்டுவந்தது. நூற்றுக்கு 75 மதிப்பெண் பொதுப் பரீட்சைக்கு. 25 கல்லூரியின் கையில். அந்த 25இல் கட்டுரைக்கு 10, வகுப்புத் தேர்வுக்கு 10, வருகைக்கு 5 என்று பல ஆண்டுகள் பிரிக்கப்பட்டிருந்தது. வகுப்பில் வந்து உட்கார்ந்ததற்கே மதிப்பெண் தருவது சரியா என்று சிலர் கேட்டனர். வராமலே தேறிவிடலாம் என்ற நிலை அதைவிடச் சரியா என்று மற்றவர் கேட்டனர். இரு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. இராதாகிருஷ்ணன் குழு மூன்றில் ஒரு பங்கு கேட்டது. அரை நூற்றாண்டுக்குப் பின் தில்லி தந்தது நான்கில் ஒரு பங்கு. நம் நாட்டில் பரீட்சைச் சீர்திருத்தம் நடைபோடும் வேகத்துக்கு இதுவே அளவுகோல்.

ஒரே பல்கலைக்கழகத்துக்குள் அளவு ஒன்றாக இருந்தால் போதுமா? மாநிலம் விட்டு மாநிலம் வருபவருக்குத் தொல்லை அங்கேதான் தொடங்குகிறது. பழங்காலத்தில் ஒவ்வொரு சீமைக்கும் ஒரு படி இருந்தது. பட்டணம் படியால் அளந்த அரிசி வேறோர் ஊர்ப் படிக்கு ஒத்து வராது. நாடு முழுவதற்கும் ஒரே நிறையும் அளவும் வேண்டும் என்ற சட்டம் 1956இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டம் நிறைவேறியதும் அதே 1956இல்தான். அரிசிக்கு வந்த ஒருமை மதிப்பெண்ணுக்கு வந்துவிடவில்லை.

தமிழ்நாட்டில் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை நெடுங்காலம் 1200 மதிப்பெண்ணுக்கு நடந்தது. 2019 முதல் 600 ஆயிற்று. தில்லிக் கல்லூரிகளோ, சிறந்த நான்கு பாடங்களைக் கூட்டி விழுக்காடு கணக்கிட்டு இடம் கொடுத்து வந்தன. ஒரு வாரியம் கை தாராளமாக மதிப்பெண் வழங்கும். மற்றொன்று சிக்கனமாக வழங்கும். இரண்டையும் ஒரே வரிசையில் நிறுத்தியபோது விந்தைகள் நிகழ்ந்தன. 2011இல் ஸ்ரீராம் வணிகக் கல்லூரி, வணிகவியல் படிக்காமல் வரும் மாணவருக்கு நூற்றுக்கு நூறு வேண்டும் என்று அறிவித்தது. 2021இல் பல கல்லூரிகள் சில பாடங்களுக்கு நூற்றுக்கு நூறு கேட்டன. நூற்றுக்கு நூறுக்கு மேல் ஒருவன் எதைக் கொண்டு வருவான்? அளவுகோலின் உச்சியில் எல்லோரும் நெருக்கியடித்து நிற்கும்போது, அது அளவுகோலாகவே இருப்பதில்லை.

இதற்கு மாற்றாக 2022 முதல் மத்தியப் பல்கலைக்கழகங்களுக்குப் பொது நுழைவுத் தேர்வு ஏற்பட்டது. தமிழ் உட்பட 13 மொழிகளில் அதை எழுத வழி செய்தார்கள். வாரியங்களுக்கிடையே இருந்த ஏற்றத்தாழ்வு இதனால் நீங்கிற்று என்பது ஒரு சாராரின் வாதம். பள்ளிப் படிப்பின் மதிப்பு குறைந்து, பயிற்சி நிலையங்களின் வாசலில் பணம் கொட்ட நேர்ந்தது என்பது மறு சாராரின் வாதம். தமிழ்நாட்டுச் சட்டமன்றம் அதே ஆண்டு ஏப்ரலில் இத்தேர்வை எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது. இவ்வழக்கில் தீர்ப்புச் சொல்ல நாம் முற்படவில்லை. ஒன்று மட்டும் சொல்லலாம்: பொது அளவுகோல் ஒன்று வரும்போது, அதற்குப் பழக வசதியுள்ளவனும் வசதியில்லாதவனும் சமமாகிவிடுவதில்லை.

இனி இரண்டாவது வினாவுக்கு வருவோம். பட்டம் வழங்க அதிகாரம் பெற்றவர் யார்? பல்கலைக்கழக மானியக் குழுவை 1953 டிசம்பரில் மௌலானா ஆசாத் தில்லியில் தொடங்கி வைத்தார். 1956ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு உறுதியான வடிவம் தந்தது. நாடாளுமன்றமோ மாநிலச் சட்டமன்றமோ இயற்றிய சட்டத்தினால் அமைந்த பல்கலைக்கழகம், மத்திய அரசு நிகர்நிலை என்று அறிவித்த நிலையம், நாடாளுமன்றம் தனியாக அதிகாரம் அளித்த நிலையம் ஆகியவையே பட்டம் வழங்கலாம் என்பது அச்சட்டத்தின் 22ஆம் பிரிவு. மற்றவர்கள் பல்கலைக்கழகம் என்ற பெயரை வைத்துக்கொள்வதே குற்றம் என்பது 23ஆம் பிரிவு. ஆனால் அக்குற்றத்துக்கு அச்சட்டம் எழுதிய தண்டனையைக் கேட்டால் வியப்பீர்கள். அபராதம் ஆயிரம் ரூபாய் வரை! 1956இல் அது ஒரு தொகை. ஒரு மாணவனிடமே இலட்சக்கணக்கில் வாங்கும் காலத்தில் அது ஒரு பொருட்டன்று.

விளைவு யாது? போலிப் பல்கலைக்கழகங்களின் பெயர்ப்பட்டியலை மானியக் குழு அவ்வப்போது வெளியிட்டு எச்சரித்து வருகிறது. 2023 ஆகஸ்டில் வெளியான பட்டியலில் 20 பெயர்கள் இருந்தன. அவற்றுள் 8 தில்லியைச் சேர்ந்தவை. மானியக் குழுவின் அலுவலகம் இருக்கும் நகரத்திலேயே போலிகளும் மிகுதி என்பதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. தில்லி என்ற பெயருக்கே வெளியூரில் ஒரு மரியாதை இருக்கிறது. தலைநகரத்து முகவரியும், ‘தேசிய’ என்றோ ‘உலக’ என்றோ ஓர் அடைமொழியும் சேர்ந்தால் தொலைவில் உள்ள பெற்றோர் நம்பிவிடுகிறார்கள்.

சட்டத்தின் போர்வைக்குள்ளும் போலி நுழையக்கூடும். சத்தீசுகர் மாநிலம் 2002இல் ஒரு சட்டம் இயற்றி, அதன்கீழ் நூற்றுக்கு மேற்பட்ட தனியார் பல்கலைக்கழகங்களை அறிவிப்பின் மூலமே உண்டாக்கியது. பலவற்றுக்குக் கட்டடமில்லை, ஆசிரியரில்லை. மானியக் குழுவின் தலைவராக இருந்த பேராசிரியர் யஷ்பால் உச்ச நீதிமன்றத்தை நாடினார். 2005 பிப்ரவரியில் நீதிமன்றம் அச்சட்டத்தின் அடிப்படைப் பிரிவுகளைச் செல்லாதவை என்று தீர்த்தது. ஒரு மாநிலச் சட்டத்தால் அமைந்த பல்கலைக்கழகம் அம்மாநிலத்துக்குள்ளேதான் இயங்கலாம் என்ற கருத்தும் அத்தீர்ப்பில் வலியுறுத்தப்பட்டது.

வெளிமாநிலத் தமிழர் நாம் இக்கருத்தை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். தாய்நாட்டுப் பல்கலைக்கழகம் என்ற பாசத்தினால், தமிழ்நாட்டு நிலையங்களின் தொலைநிலைப் படிப்புகளில் வெளிமாநிலங்களிலிருந்து சேர்ந்தவர்கள் ஏராளம். பல்கலைக்கழகம் உண்மையானதாகவே இருக்கலாம். அது நடத்தும் குறிப்பிட்ட படிப்புக்கு, குறிப்பிட்ட ஆண்டில், அனுமதி இருந்ததா என்பது வேறு வினா. நான்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் தொலைநிலையில் வழங்கிய பொறியியற் பட்டங்களைப் பற்றி உச்ச நீதிமன்றம் 2017 நவம்பரில் தீர்ப்பளித்தது. அவற்றுள் ஒன்று தமிழ்நாட்டினது. 2001 முதல் 2005 வரை சேர்ந்தவர்கள் மீண்டும் ஒரு பரீட்சை எழுதித் தேறினால் பட்டம் நிற்கும்; அதன் பின்னர்ச் சேர்ந்தவர்களின் பட்டம் நில்லாது என்று ஆயிற்று. 2022 மார்ச்சிலோ, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தொலைநிலைப் படிப்புகளுக்கு 2014–15ஆம் கல்வியாண்டு வரையே தன் அனுமதி இருந்தது என்று மானியக் குழு பொது அறிவிப்பு விடுத்தது. இருபது வயதில் சேர்ந்து, முப்பது வயதில் பதவி உயர்வுக்குக் காத்திருக்கும் ஒருவருக்கு இத்தகைய செய்தி என்ன செய்யும் என்பதை விளக்க வேண்டுவதில்லை. அவர் படித்தது பொய்யன்று. எழுதிய பரீட்சையும் பொய்யன்று. ஆயினும் தாள் பேச மறுக்கிறது.

அதிகாரம் உள்ள பல்கலைக்கழகங்களும் ஒன்றையொன்று மதிக்க வேண்டும். அதற்காகவே 1925இல் பல்கலைக்கழகங்களுக்கிடையிலான வாரியம் ஏற்பட்டது. ஒரு பல்கலைக்கழகத்தின் பட்டத்தை மற்றொன்று ஏற்றுக்கொள்ளச் செய்வது அதன் தலையாய பணி. 1973இல் அது இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் என்று பெயர் மாறியது, தில்லியிலேயே இயங்குகிறது. அயல்நாட்டுப் பட்டங்களுக்கு இணைச் சான்று வழங்கும் வேலையையும் அது பல்லாண்டு செய்து வந்தது. 2025 ஏப்ரலில் மானியக் குழுவே அயல்நாட்டுப் படிப்புகளின் இணை மதிப்புக்குத் தனி விதிகளை வகுத்தது. உள்நாட்டில் இடம் மாறும் மாணவனுக்கு மைக்ரேஷன் சர்டிபிகேட் என்னும் இடமாற்றுச் சான்றிதழ் தேவை. ஊரில் பட்டம் பெற்றுத் தில்லியில் மேற்படிப்புக்குச் சேர முயன்றவர்கள் அத்தாளுக்காகப் பட்ட பாட்டை நம்முள் பலர் அறிவோம். பட்டமளிப்பு நாளிலேயே அதையும் விண்ணப்பித்து வாங்கி வைத்துக்கொள்வது நலம்.

மூன்றாவது வினா எஞ்சியிருக்கிறது. அளக்கும் நிலையத்தை அளப்பவர் யார்? 1986ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கையின் பயனாக, 1994இல் பெங்களூரில் தேசிய மதிப்பீட்டு, தரச்சான்றுக் குழு தோன்றியது. ‘நாக்’ என்று பலரும் வழங்குவது இதனையே. பொறியியல் முதலிய தொழிற்படிப்புகளை ஆராயத் தில்லியில் மற்றொரு வாரியம் இருக்கிறது. முன்னது பெரும்பாலும் நிலையம் முழுவதையும் பார்ப்பது. பின்னது ஒவ்வொரு படிப்பையும் தனித்தனியே பார்ப்பது. 2014இல் அவ்வாரியம் வாஷிங்டன் உடன்படிக்கையில் நிரந்தர உறுப்பினராயிற்று. அதன் உயர்தரப் பிரிவில் சான்று பெற்ற பொறியியற் படிப்புகளை அவ்வுடன்படிக்கையில் சேர்ந்த பிற நாடுகளும் இணையாகக் கருத வழி பிறந்தது.

நாக் குழுவின் முறை இவ்வாறு அமைந்திருந்தது. கல்லூரி முதலில் தன்னைத் தானே ஆராய்ந்து ஓர் அறிக்கை எழுத வேண்டும். பாடத்திட்டம், கற்பித்தலும் மதிப்பிடுதலும், ஆராய்ச்சி, கட்டட வசதி, மாணவர் நலன், நிருவாகம், நற்பண்புகள் என்று ஏழு தலைப்புகள். மொத்தம் ஆயிரம் புள்ளிகள். இணைப்புக் கல்லூரிகளுக்குக் கற்பித்தலுக்கும், பல்கலைக்கழகங்களுக்கு ஆராய்ச்சிக்கும் மிகுதியான புள்ளிகள் உண்டு. பின்னர் வேறு பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த அறிஞர் குழு நேரில் வந்து பார்க்கும். இறுதியில் ஏ, பி, சி என்று ஓர் எழுத்து. அது ஐந்தாண்டுக்குச் செல்லும். தில்லிப் பல்கலைக்கழகம் 1922இல் தோன்றியதாயினும், இவ்வாறு தன்னை அளந்துகொள்ள முதன்முறை இடங்கொடுத்தது 2018இல்தான்; ஏ பிளஸ் தரம் பெற்றது. தொண்ணூற்றாறு ஆண்டுகள் அவ்வெழுத்து இல்லாமலே அதன் பட்டம் நாடெங்கும் மதிக்கப்பட்டது என்பதையும் நாம் நினைவில் வைக்க வேண்டும்.

இம்முறையால் நன்மை விளைந்தது உண்மை. நூலகத்தில் எத்தனை நூல் இருக்கிறது, எத்தனை ஆசிரியர் இடம் காலியாக இருக்கிறது என்று தன்னைத் தானே கேட்டுக்கொள்ளாத கல்லூரிகள் கேட்டுக்கொள்ளத் தொடங்கின. ஆனால் குறையும் உண்டு. குழு வரும் வாரத்தில் சுவருக்கு வெள்ளையடிப்பதும், பூந்தொட்டி வாங்குவதும், பழைய தேதியிட்டுக் கோப்புகள் தயாரிப்பதும் சில இடங்களில் கலையாகவே வளர்ந்துவிட்டன. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்ற பழமொழி இங்கே முழுப் பொருத்தம். 2025 பிப்ரவரியில், உயர்ந்த எழுத்துக்காகக் கையூட்டுப் பெற்றதாக ஆய்வுக் குழு உறுப்பினர் சிலரை மத்தியப் புலனாய்வுத் துறை கைது செய்தது. அதற்கு முன்னரே, விண்வெளி அறிஞர் டாக்டர் கே. இராதாகிருஷ்ணன் தலைமையில் அமைந்த குழு, எழுத்து வரிசையை நீக்கி, சான்று பெற்றது அல்லது பெறாதது என்ற இரண்டே நிலைகளை வைக்கலாம் என்று பரிந்துரைத்தது. அதை ஏற்பதாக நாக் குழு 2024 ஜனவரியில் அறிவித்தது. எழுத்தின்மேல் ஏற்பட்ட பேராசையே தீமைக்கு வேர் என்று கண்ட அறிஞர்களின் முடிவு இது. உரைகல்லே தேய்ந்துவிட்டால் பொன்னை எதைக் கொண்டு உரைப்பது?

இதுவரை கூறியவற்றிலிருந்து நாம் கைக்கொள்ள வேண்டுவன சில. விளம்பரத்தில் ‘அங்கீகாரம் பெற்றது’ என்ற சொல்லைக் கண்டால், எந்த அங்கீகாரம் என்று கேட்க வேண்டும். பல்கலைக்கழகத்தின் பெயர் மானியக் குழுவின் பட்டியலில் இருக்கிறதா என்பது முதற் கேள்வி. தொலைநிலைப் படிப்பாயின், அந்தப் படிப்புக்கு, நாம் சேரும் அந்த ஆண்டுக்கு அனுமதி உண்டா என்பது இரண்டாவது கேள்வி. சட்டம், ஆசிரியப் பயிற்சி, செவிலியர் பயிற்சி போன்றவற்றில் அவ்வத் துறையின் மன்றமும் ஒப்புக்கொண்டிருக்கிறதா என்பது மூன்றாவது. தர எழுத்து எந்த ஆண்டில் பெற்றது, இன்னும் செல்லுமா என்பது நான்காவது. அதற்குப் பின்னரே கட்டடத்தையும் பூந்தோட்டத்தையும் பார்க்கலாம். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்கள். பிள்ளையின் மூன்றாண்டை அளக்காமல் போடலாமா?

இவ்வேலையை ஒவ்வொரு குடும்பமும் தனியே செய்ய இயலாது. தில்லித் தமிழ்ச் சங்கம் 1946 முதல் இந்நகரில் இருந்து வருகிறது. தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் ஏழு பள்ளிகளை நடத்துகிறது. இவ்வாறே பிற மாநகரங்களிலும் நம்மவர் சங்கங்கள் இருக்கின்றன. பாட்டுக் கச்சேரிக்கும் பொங்கல் விழாவுக்கும் கூடும் மண்டபத்தில், ஆண்டுக்கு ஒரு முறை, பரீட்சை முடியும் பருவத்தில், கல்லூரி ஆசிரியர்களையும் ஓய்வு பெற்ற அலுவலர்களையும் அமர்த்தி, படிப்புகளைப் பற்றி ஐயம் தீர்க்க ஒரு நாள் ஒதுக்கலாம். அந்த ஒரு நாளில் ஒரு வீட்டின் பத்தாண்டுத் துயரம் தவிர்க்கப்படலாம்.

பட்டம் என்பது ஒரு வாக்கு. ‘இவனை நாங்கள் சோதித்தோம், இவனுக்கு இது தெரியும்’ என்று ஒரு நிலையம் ஊரறியாத ஒருவனைப் பற்றி உலகுக்குக் கொடுக்கும் வாக்கு அது. அவ்வாக்கைக் காப்பாற்றுவது பரீட்சை அறையில் விடைத்தாளைத் திருத்தும் ஆசிரியரின் கடமை. சட்டத்தைக் காக்கும் அரசின் கடமை. ஆராய வரும் குழுவின் கடமை. அதைத் தெரிந்து கேட்டுப் பெறுவது நம் கடமை. சொந்த ஊரில் இருப்பவருக்கு அவ்வாக்கு தவறினாலும் தாங்கிக்கொள்ள உற்றார் இருப்பர். வெளியூரில் வாழும் நமக்கு அவ்வாக்கே உற்றார். ஆகையால், அதன் உண்மையில் நம்மைவிட அக்கறை உடையவர் வேறெவரும் இருக்க முடியாது.